சீசர் உறுமட்டும்

நிருபனின் கெண்டைக்காலைக் கடித்தபோது சீசர் குரைக்கவில்லை, உறுமவில்லை, பல்லைக்கூடக் காட்டவில்லை. மீன்வாடிக் கொட்டிலின் நிழலில் தலையைத் தாழ்த்திப் படுத்திருந்த நாய், அவன் படகு எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு பக்கத்தால் போனதும் எழும்பிப் பிடித்தது. பிடித்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. நிருபன் கத்திய பிறகுதான் வலையிலிருந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊர்காவற்றுறைப் பட்டினத்துக்கு மேற்கே இருக்கும் அந்தச் சிறிய துறையில் நாய்க்கடி ஒன்றும் புதினம் அல்ல. ஆனால் முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கிற நாயை யாரும் கண்டதில்லை. ஆசுப்பத்திரியில் காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, கட்டுக் கட்டிக்கொண்டு நிருபன் திரும்பி வருவதற்கு முன்பே துறையில் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. நாயைத் திட்டுக்கு ஏற்ற வேண்டும்.

திட்டுக்கு ஏற்றுவது என்றால் இதுதான். அந்தத் துறையில் கடிநாயை யாரும் அடித்துக் கொல்வதில்லை. அது பாவம் என்பார்கள். அதற்குப் பதிலாக வாயைக் கட்டிப் படகில் போட்டுக்கொண்டுபோய், ஆளில்லாத மணல்திட்டு ஒன்றில் இறக்கிவிட்டு வருவார்கள். அங்கே நாலு பற்றைச் செடி உண்டு, நல்ல தண்ணீர் இல்லை. இறக்கிவிட்டவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் தொழிலுக்குப் போகிறவர்களும் அங்கே என்ன கண்டோம் என்று வந்து சொல்வதில்லை. தங்கள் கையில் இரத்தம் படவில்லை என்பது எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

மேரிறோசுக்கு அது போதவில்லை.

அவர் சீசரின் சொந்தக்காரரான பத்திநாதரின் தங்கை. நாற்பத்தெட்டு வயது. சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, பாடசாலையிலும் கோயிலிலும் படுத்து, திரும்பி வந்து, கூரையில்லாமல் நின்ற வீட்டுக்குக் கூரை போட்டவர். கணவர் நெஞ்சுவருத்தத்தில் செத்துப்போனார். ஒரே மகள் றொஷானி கொழும்பில் வேலை செய்கிறாள். துறையை ஒட்டிய தன் வளவில் மீன் வெட்டி, உப்பிட்டு, பரணில் கருவாடு காயவைத்து மேரிறோஸ் தனியாகச் சீவிக்கிறார். நன்றாகச் சிரிப்பார், நன்றாகச் சண்டையும் பிடிப்பார். ஆனால் அண்ணனுக்கு முன்னால் மட்டும் அவருடைய குரல் ஒரு படி கீழே இறங்கிவிடும். துறையில் பாதிப்பேருக்கு அப்படித்தான். படகும் வலையும் பத்திநாதருடையவை. அதைவிட, அவர் சொன்னதை மறுத்துச் சொல்லும் பழக்கம் அங்கே யாருக்கும் இருந்ததில்லை.

அன்று பத்திநாதர் படகு விளிம்பில் இருந்துகொண்டு, “விடியப் போகேக்கை ஏத்துங்கோடா,” என்று சொன்னபோது மேரிறோஸ் மீன் வெட்டும் கத்தியோடு எழும்பி வந்தார்.

“திட்டுக்கு ஏத்த வேண்டாம் அண்ணை. நான் கொண்டுபோறன்.”

“எங்கை?”

“என்ரை வளவுக்கு.”

துறை சிரித்தது. பத்திநாதரும் சிரித்தார்.

“எடியே, எத்தினை நாயைப் பழக்கினவன் நான். எனக்கே அடங்காத நாய் உது. நீ என்ன செய்யப்போறாய், உதுக்குச் செபஞ் சொல்லிக் குடுக்கப்போறியோ?”

“அடிக்காமல் பாக்கப்போறன்.”

“அடியாத நாய் ஆளைத் தின்னும்.”

“அடிச்ச நாய் தானே நிருபனைத் திண்டது?”

சிரிப்பு நின்றது. மேரிறோசின் குரல் இறங்கவில்லை என்பதை அவரே அப்போதுதான் கவனித்தார். இறங்காத குரலை இனி இறக்கவும் முடியாது என்று தோன்றியது. அதனால் மேலும் சொன்னார்:

“கோயில் பெருநாள் வரைக்கும் தவணை தாங்கோ. அதுக்குள்ளை இது இன்னொருத்தரிலை பல்லு வைச்சா, நானே வாயைக் கட்டிக் கொண்டுவந்து உங்கடை படகிலை ஏத்துவன்.”

“நீயே ஏத்துவாய்?”

“ஓம். நானே.”

“எல்லாரும் கேட்டியள் தானே,” என்றார் பத்திநாதர்.

சீசரைப் பத்திநாதர் பழக்கிய விதம் துறைக்கே தெரியும். கழுத்தில் சுருக்குக் கயிறு, கையில் பூவரசங்கம்பு. மீன் வாங்க வருகிறவர்களைப் பார்த்து நாய் உறுமினால் கயிற்றை வெடுக்கென்று சுண்டுவார். அதற்கும் உறுமினால் கம்பு. இப்படி எத்தனையோ நாய்களை அவர் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று எல்லாரும் சொல்வார்கள். குட்டியாக இருந்தபோது வாடி அதிர உறுமிய சீசரும் வழிக்கு வந்தது. உறுமுவதை அடியோடு விட்டது. பத்திநாதர் அதைக் காட்டிப் பெருமைப்படுவார்: “பாருங்கோ, மூச்சு விடுதோ?”

நாய் பழக்குவதைப் பற்றி மேரிறோசுக்கு ஒன்றும் தெரியாது. மகளிடம் கேட்டபோது அவள் கைத்தொலைபேசிக்கு இரண்டு வீடியோ அனுப்பினாள். ஒன்றில் ஒரு வெள்ளைக்காரன் சங்கிலியைச் சுண்டினான். நாய் அடங்கியது. மற்றதில் ஒரு வெள்ளைக்காரி இறைச்சித் துண்டு கொடுத்தாள். நாய் அடங்கியது. இரண்டு பேரும் தங்கள் வழிதான் சரி என்று அடித்துச் சொன்னார்கள் என்று மகள் விளக்கினாள்.

“இரண்டு நாயும் சட்டை போட்டிருக்குதுகள்,” என்றார் மேரிறோஸ். “என்ரை நாயை உவை ஒருநாள் வந்து பாக்கட்டும்.”

ஆனாலும் சங்கிலிக்காரனைப் பார்த்தபோது அண்ணனின் முகம் ஞாபகம் வந்தது. அந்த வழியின் முடிவை அவர் நிருபனின் காலில் கண்டாயிற்று. மற்ற வழியைப் பிடித்தார். இறைச்சி இல்லை, மீன் இருந்தது.

முதல் வேலையாகச் சுருக்குக் கயிற்றைக் கழற்றிவிட்டு, அகலமான தோல்பட்டி ஒன்றைக் கழுத்தில் போட்டார். விசர்நாய்த் தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தது. வளவின் நடுவில் நின்ற தென்னையில் நீளமான கயிற்றால் கட்டினார். கயிறு வேலியை எட்டாது.

அதற்குப் பிறகு அவர் செய்தது பெரிய பிழை. அந்தத் துறையில் பிறந்து வளர்ந்த எவரும் செய்யக்கூடிய பிழை.

படகு வந்து வலை உதறும்போது நாய்கள் சுற்றி வரும். ஏதாவது ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு கிட்ட வந்தால், வேலையாக இருக்கிறவன் ஒரு காரலை எடுத்துத் தூர எறிவான். நாய் மீனுக்குப் பின்னால் ஓடும். தொல்லை தீர்ந்தது. இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தன்பாட்டில் செய்யும். மேரிறோசின் கையும் அதைத்தான் செய்தது. வேலிக்கு வெளியே ஒழுங்கையால் யாராவது போனால் சீசர் கயிறு தெறிக்கப் பாயும். அவர் ஒரு சூடை மீனை எறிவார். சீசர் அதைக் கவ்வி விழுங்கிவிட்டுப் பேசாமல் நிற்கும். ‘இவ்வளவுதானா விசயம்!’ என்று அவருக்குச் சந்தோசமாக இருந்தது.

சில நாட்களில் சீசர் ஆட்களைப் பார்த்து மட்டுமல்ல, சைக்கிள் மணிக்கும் பாய்ந்தது. பிறகு ஓட்டோ சத்தத்துக்கும் பாய்ந்தது. கடைசியில் ஒழுங்கையில் ஒரு குருவியும் இல்லாத நேரத்தில் வேலிப்பக்கம் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு, திரும்பி மேரிறோசின் கையைப் பார்த்தது.

பத்திநாதர் அந்த நேரத்தில்தான் வேலிக்கு வெளியே நின்றார்.

“நீ நாயைப் பழக்கேல்லை றோஸ். நாய் உன்னைப் பழக்கிப்போட்டுது,” என்றார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. “லஞ்சம் குடுத்து ஆளை வாங்கலாம். நாயை வாங்கேலாது.”

மேரிறோசுக்குக் கோபம் தலைக்கேறியது. அண்ணன் பிழையாகச் சொல்லியிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் சொன்னதில் பாதி சரியாக இருந்ததுதான் எரித்தது.

அன்று முழுக்க மீன் வெட்டிக்கொண்டே யோசித்தார். நான் மீன் கொடுப்பது எதற்கு? பாய்ந்ததற்கு. அப்படியென்றால் நாய்க்கு நான் சொல்லிக் கொடுத்தது பாயத்தானே? பாய்ந்த பிறகு கொடுக்கிற மீன் கூலி. அண்ணையின் கம்பும் பிந்தித்தான் வருகிறது, என் மீனும் பிந்தித்தான் வருகிறது. நாய்க்கு ஆட்களில் வெறுப்பா, பயமா? அடிபட்டதெல்லாம் ஆட்கள் கிட்ட வரும்போதுதான். யாரோ ஒருவர் வருவார், கழுத்து இறுகும், முதுகில் கம்பு விழும். அப்படியென்றால் ஆள் வருவதே அதற்கு அடியின் தொடக்கம். அதை மாற்ற வேண்டும். ஆள் தெரிந்தால் மீன் வரவேண்டும். ஆள் மறைந்தால் மீன் நிற்கவேண்டும். பாய்வதற்கு முன்பே, பாய நினைப்பதற்கும் முன்பே.

அதற்கு நாய் எப்போது பாய நினைக்கிறது என்று தெரியவேண்டும். மேரிறோஸ் சீசரைப் பார்க்கத் தொடங்கினார். குரல் இல்லாத நாய், ஆனால் உடம்பு பேசியது. தூரத்தில் ஆள் தெரிந்தால் முதலில் திறந்திருந்த வாய் மூடும். பிறகு காது முன்னுக்கு வரும். பிறகு வால் விறைக்கும். வால் விறைத்தபின் எந்த மீனாலும் பயனில்லை. வாய் மூடுகிற தூரத்துக்கு வெளியேதான் வேலையைத் தொடங்கவேண்டும்.

ஆனால் அந்தத் தூரத்தில் வந்து நிற்க ஒரு ஆள் வேண்டுமே. யார் வருவார்கள்?

வந்தது நிருபன். நொண்டி நொண்டி வந்து, ஒழுங்கை முடக்கில் நின்று கூப்பிட்டான்.

“அக்கா, உங்கடை பிள்ளை எப்பிடி இருக்கிறார்?”

“ஏன், மற்றக் காலையும் குடுக்க வந்தனியோ?”

“இல்லை அக்கா. நான் துறைக்குப் போறது உந்த ஒழுங்கையாலை. சுத்திப் போக உந்தக் காலோடை ஏலாது. உவரோடை ஒரு சமாதானத்துக்கு வரத்தானே வேணும்.”

“உனக்கு அவனிலை கோபமில்லையோ?”

நிருபன் காலைத் தடவினான். “கோபந்தான். ஆனா அக்கா, நானும் உங்கடை அண்ணையட்டைத் தானே வேலை செய்யிறன். உவன்ரை நிலைமை எனக்கு விளங்கும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மேரிறோஸ் கையை நீட்டிக் காட்டினார்.

“அந்தக் கிளுவை வேலி மூலையிலை வந்து நில். கிட்ட வராதை. அவனைப் பாராதை. கடலைப் பார். நான் சொல்லேக்கை மறைஞ்சு போ.”

“சம்பளம்?”

“சூடைப் பொரியல்.”

“நாய்க்கும் எனக்கும் ஒரே சம்பளமோ?”

“அவனுக்குப் பொரிக்காமல்.”

அப்படித்தான் தொடங்கியது. நிருபன் கடல்தொழில் முடிந்து வந்த பிறகு வேலி மூலையில் தோன்றுவான். அவன் தோன்றியதும் மேரிறோஸ் சிறு சிறு துண்டாக அவித்த சூடையைச் சீசரின் காலடியில் போட்டுக்கொண்டே இருப்பார். அவன் மறைந்ததும் கை நிற்கும். முதலில் சீசருக்கு ஒன்றும் விளங்கவில்லை, மீனை மட்டும் தின்றது. பிறகு ஒரு நாள், நிருபனின் தலை வேலிக்கு மேலே தெரிந்ததும், அது திரும்பி மேரிறோசைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது. ‘அந்த ஆள் வந்திட்டான், எங்கே என்ரை மீன்?’ என்ற மாதிரி. மேரிறோசுக்குக் கண் கலங்கியது. கையில் இருந்த அவ்வளவையும் கொட்டிவிட்டார்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. நிருபன் ஒரு நாள் உசாராகி நேரே படலைக் கதவுவரை வந்துவிட்டான். சீசரின் வால் விறைத்தது.

“போடா பின்னுக்கு! ஆர் உன்னைக் கிட்ட வரச் சொன்னது?”

“நல்லாத்தானே நிக்கிறான் அக்கா...”

“நீதான் அவசரக்காரன். அவனில்லை.”

கச்சான் காற்று பலமாக அடித்துப் படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் பச்சைமீன் இல்லை. மேரிறோஸ் பரணில் கிடந்த கருவாட்டைக் கிள்ளிக் கொடுத்தார். உப்பு ஏறிய நாய் பவுசர் வண்டியில் வாங்கி வைத்த நல்ல தண்ணீரைச் சட்டி சட்டியாகக் குடித்துவிட்டு, இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வளவைச் சுற்றியது. அன்று நிருபனின் நிழலைக் கண்டாலே பாய்ந்தது. பிறகு அவித்த முட்டை வந்தது. மேரிறோஸ் நாய்க்கு முட்டை ஊட்டுகிறார் என்று கதை ஊர் முழுக்கப் போனது. கோயில் வாசலில் ஒரு பெண் நேரே கேட்டுவிட்டாள்.

“ஓம், முட்டைதான்,” என்றார் மேரிறோஸ். “மஞ்சட்கருவை நான் சாப்பிடுறன், வெள்ளையை அவன் சாப்பிடுறான். உமக்கு எது வேணும்?”

பெருநாள் கிட்ட வரவர, நிருபன் படலைக்குள் வந்து நிற்கும் அளவுக்குக் காரியம் முன்னேறியது. இனி அடுத்த வேலை துறை. அங்கே ஆட்களின் கை தன்பாட்டில் மீன் எறியும். அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மேரிறோஸ் ஒரு காலையில் போய் வலை உதறுகிறவர்களுக்கு நடுவில் நின்றார்.

“எல்லாருக்கும் ஒண்டு சொல்லுறன். இண்டையிலையிருந்து என்ரை நாய்க்கு ஒருத்தரும் மீன் எறியக்கூடாது. ஒரு காரல்கூட. நான் குடுப்பன்.”

“அக்கா, நாங்கள் சாப்பிடலாமோ, அதுக்கும் உங்களைக் கேக்கவேணுமோ?” என்று ஒருவன் கேட்டான்.

“நீ வேணுமெண்டா பாய்ஞ்சு பார். உனக்கும் எறிய மாட்டன்.”

கிண்டல் பண்ணினாலும் அவர்கள் எறிவதை நிறுத்தினார்கள். மேரிறோஸ் சீசரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு துறையின் ஓரத்தில், ஆட்களுக்கு எட்டத்தில், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார்.

வேலணையிலிருந்து மோட்டார்சைக்கிளில் பனிக்கட்டிப் பெட்டி கட்டிக்கொண்டு மீன் எடுக்க வருகிற ஜெகதீசுக்கு இந்தக் கட்டளை பிடிக்கவில்லை. ஒரு பெண் சொல்லித் துறையில் ஆம்பிளையள் கை மடக்குவதா? ஒரு காலையில் அவன் ஒரு காரலைத் தூக்கிச் சீசரின் முகத்துக்கு எறிந்தான். மீன் மூக்கில் பட்டது. “பிடி சீசர், பிடி!” என்று கையைத் தட்டிக்கொண்டு கிட்ட வந்தான்.

சீசரின் வாய் மூடியது. காது முன்னுக்கு வந்தது. மேரிறோஸ் கயிற்றைக் குறுக்கிப் பிடித்தார். அடுத்த கணம் கடிதான் என்று நினைத்தார். ஆனால் நாயின் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. எண்ணெய் போகாமல் நிற்கிற இயந்திரம் மாதிரி முதலில் திக்கித் திணறியது, பிறகு பிடித்துக்கொண்டது. சீசர் உறுமியது.

ஜெகதீஸ் ஒரே தாவலில் பின்னுக்குப் போனான்.

மேரிறோஸ் நாயைத் திருப்பிக் கொண்டுபோய் வளவில் கட்டிவிட்டு வந்தார். மணலில் கிடந்த காரலை எடுத்து ஜெகதீசின் மோட்டார்சைக்கிள் இருக்கையில் வைத்தார்.

“உம்மடை மீன். கொண்டுபோம்.”

“உங்கடை நாய் என்னைக் கடிக்கப் பாத்தது!”

“கடிக்கப் பாக்கேல்லை. கடிக்காமல் இருக்கப் பாத்தது. தள்ளி நில்லெண்டு மரியாதையாச் சொன்னது. நீர்தான் அதுக்கும் எழும்பிப் பாய்ஞ்சீர்.”

மத்தியானத்துக்குள் கதை பத்திநாதரின் காதுக்குப் போனது. போகும் வழியிலேயே அது வளர்ந்து, ஜெகதீஸ் உயிர் தப்பியது அருமை என்று ஆகியிருந்தது.

பத்திநாதர் கம்போடும் சுருக்குக் கயிற்றோடும் வந்தார். பின்னால் ஆட்கள் வந்தார்கள். நிருபனும் வந்தான். கரையில் படகின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“படலையைத் திற, றோஸ்.”

“என்னத்துக்கு?”

“சொல்லு சொல்லுத்தான். நாய் ஆளிலை பாய்ஞ்சிருக்குது.”

“பல்லு வைச்சா எண்டு சொன்னனான். ஆரிலை பல்லு வைச்சது? ஜெகதீசைக் கூப்பிட்டுக் காயத்தைக் காட்டச் சொல்லுங்கோ.”

“உறுமினதோ இல்லையோ?”

“உறுமினது. நல்லா உறுமினது.”

“பிறகென்ன?”

மேரிறோஸ் படலையைத் திறந்தார். ஆனால் வழி விடவில்லை, நடுவில் நின்றார்.

“அண்ணை, இவன் உறுமி நீங்கள் கடைசியாக் கேட்டது எப்ப?”

பத்திநாதர் தென்னைப் பக்கம் பார்த்தார்.

“குட்டியிலை. அதுக்குப் பிறகு கேக்கேல்லை. உறுமின நேரமெல்லாம் அடிச்சியள். அடிச்சடிச்சு உறுமுறதை விடப் பண்ணிப்போட்டியள். கடிக்கிறதை விடப் பண்ணேல்லை. சத்தம் மட்டும்தான் போனது. பயம் உள்ளுக்கையே கிடந்தது. அதாலைதான் இவன்ரை கால் போனது.” நிருபனைக் காட்டினார். “கேளுங்கோ அவனை. உறுமியிருந்தா நீ விலத்திப் போயிருப்பாய் தானே?”

“ஓடியிருப்பன்,” என்றான் நிருபன். “எண்ணெய்க் கானையும் போட்டிட்டு ஓடியிருப்பன்.”

யாரோ சிரித்தார்கள். பத்திநாதர் திரும்பிப் பார்க்க, சிரிப்பு அடங்கியது. அவர் கம்பை உயர்த்திக்கொண்டு படலைக்குள் ஒரு காலை வைத்தார். தென்னையடியில் சீசர் எழும்பியது. அது பாயவில்லை. நின்ற இடத்தில் நின்று, பழைய எசமானைப் பார்த்து, எல்லாரும் கேட்க உறுமியது.

“பாத்தியோ! என்னைப் பாத்து! சோறு போட்ட என்னைப் பாத்து!”

“பாக்கிறன். கேக்கவும் கேக்குது. உறுமட்டும் அண்ணை. அவன் உறுமட்டும். நீங்கள் காலை எடுங்கோ.”

“நாய்க்குப் பயந்து நான் காலை எடுக்கிறதோ?”

“நாய்க்குப் பயப்பட வேண்டாம். நான் சொல்லுறன், எடுங்கோ. இது என்ரை படலை.”

பத்திநாதர் கம்பை இறக்கவில்லை. மேரிறோஸ் கையை நீட்டி அதன் நடுவைப் பிடித்தார். பறிக்கவில்லை, முறிக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது வயது அண்ணனும் நாற்பத்தெட்டு வயதுத் தங்கையும் ஒரு பூவரசங்கம்பின் இரண்டு பக்கமும். நாய் உறுமிக்கொண்டே இருந்தது. இழுத்தால் தங்கை விழுவாள், விட்டால் ஊர் சிரிக்கும். கடைசியில் அவர் காலை எடுத்தார். அவர் கால் படலைக்கு வெளியே போனதும், உறுமல் நின்றது.

அது நின்ற கணத்தை அங்கே நின்ற எல்லாரும் கவனித்தார்கள். பின்னுக்குப் போனால் உறுமல் நிற்கும். இவ்வளவு எளிதான ஒரு பேச்சு அந்த நாயிடம் இருந்திருக்கிறது. அதைத்தான் இத்தனை வருசமாக அடித்து மூடி வைத்திருந்தார்கள்.

“பெருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கு,” என்று பத்திநாதர் பொதுவாகச் சொன்னார். “பாப்பம்.” படகுக்காரனைப் பார்த்து, “இயந்திரத்தை நிப்பாட்டடா, எண்ணெய் ஆற்றை வீட்டுது?” என்று சத்தம் போட்டுக்கொண்டு போனார்.

பெருநாள் அன்று புனிதரின் சுருவம் ஊர்வலமாகச் சுற்றிவரும்போது சீசரைக் கோயிலடிக்குக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று துறையில் சிலர் கேட்டார்கள். கடிக்காத நாய் என்றால் சனத்துக்குள் நிற்கட்டும், அப்போதுதான் நம்புவோம் என்றார்கள்.

“ஏலாது,” என்றார் மேரிறோஸ்.

“அப்ப நாய் இன்னும் சரிவரேல்லை?”

“சரிவரேல்லை. வரவும் மாட்டுது, நீங்கள் நினைக்கிற மாதிரி. வெடியும் பாண்டு வாத்தியமும் அவ்வளவு சனமும்... அதுக்குள்ளை கொண்டுபோய் அவனைப் பிழை விடப்பண்ணி, பிறகு பிழை விட்டான் எண்டு திட்டுக்கு ஏத்தவோ? நான் சொன்னது கடிக்க விடமாட்டன் எண்டு. வித்தை காட்டுறன் எண்டு சொல்லேல்லை.”

விடியப் பூசைக்கு மட்டும் போய் வந்தார். சுருவம் சுற்றிவந்த நேரம் வீட்டு அறையில், வானொலியைச் சத்தமாக வைத்து, சீசருக்குப் பக்கத்தில் இருந்தார். வெடிச்சத்தம் கேட்கக் கேட்க முட்டைத் துண்டு விழுந்தது. கூட்டத்தோடு நடக்கவில்லையே என்று அவருக்கு மனவருத்தம் இல்லாமல் இல்லை. வருசம் முழுக்கக் காத்திருந்த நாள் அது. ஆனால் எழும்பிப் போகவில்லை. அன்று சீசரின் பல் ஒருவரிலும் படவில்லை. பெருநாள் முடிந்தது.

பின்னேரம் பத்திநாதர் வந்தார். வருசா வருசம் பெருநாள் விருந்தில் ஒரு பங்கைத் தங்கைக்குக் கொண்டுவருவது அவர் வழக்கம். புதுச் சேட்டுப் போட்டு, மூடிய சட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தென்னையடியில் சீசர் தலையைத் தூக்கியது. தொண்டைக்குள் மெல்லிய உறுமல்.

பத்திநாதர் படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

“றோஸ்!”

“ஓம் அண்ணை. அதிலையே நில்லுங்கோ.”

“நிக்கிறன் தானே.”

“அவனைப் பாராதேங்கோ. கடலைப் பாருங்கோ.”

“என்ரை நாயை நான் பாக்கக்கூடாதோ?”

“என்ரை நாய்.”

பத்திநாதர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார். தான் செய்தது பிழை என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உறுமல் ஓய்ந்தது. மேரிறோஸ் ஒரு துண்டு மீனைச் சீசருக்குப் போட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று போட்டார். நாயின் வாய் இன்னும் திறக்கவில்லை. அவர் அவசரப்படவில்லை.

“இனி வரலாமோ?”

“இன்னும் இல்லை.”

“கறி ஆறப்போகுதடி.”

“ஆறட்டும்,” என்றார் மேரிறோஸ்.